பின்தொடையில் காயம்

அந்தப் பேப்பரை ஒரு நிமிடம் தருகிறீர்களா, சார்? படிப்பதற்கு இல்லை. கண்ணாடி பைக்குள் கிடக்கிறது, எடுக்கச் சோம்பல். அந்தப் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். கீழே, வலது பக்கம். மாலையும் சால்வையுமாக நிற்கிறானே, அவனேதான். என்ன போட்டிருக்கிறது? கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். 'மகளிர் கல்லூரி விளையாட்டு விழாவில் கபடி நட்சத்திரம் பூவரசன் பரிசு வழங்கினார்.' மகளிர் கல்லூரி! வேறு கல்லூரியே கிடைக்கவில்லை பாருங்கள் அவர்களுக்கு.

வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

சென்னைக்கா? நானும்தான். நாளைக் காலையில் ஒரு விசாரணை. போலீஸ், கோர்ட் எல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். கபடி லீக்காரர்கள் நடத்துகிற விசாரணை. நட்சத்திர ஓட்டலில் ஓர் அறை எடுத்து, ஏ.சி.யைக் குளிரக் குளிர வைத்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் முந்திரி பிஸ்கட்டும் வைத்து நடத்துவார்கள். நான் சாட்சி.

என் பெயர் குமரகுரு. போன சீசன் வரைக்கும் பொன்னி ரெய்டர்ஸ் அணிக்கு மேலாளர். டீவியில் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பனியன், நெஞ்சில் பிளாஸ்டிக் குழாய் விளம்பரம். அந்தக் குழாய்க் கம்பெனி தயாளன்தான் முதலாளி. வீரர்களை ஏலம் எடுத்த அன்றைக்கு என்னிடம் வந்து, கபடியில் ஒரு பக்கம் எத்தனை பேர் என்று கேட்டார். ஏழு என்றேன். "ஏன், நம்ம பக்கம் மட்டும் ஒம்போது போட முடியாதா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்த மாதிரி ஆட்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது விளையாட்டு.

நான் அப்படி வந்தவன் இல்லை. மண் தரையில் ஆடி முழங்கை தேய்ந்தவன். பாடிக்கொண்டு போய் மூச்சை விடாமல் கோட்டைத் தொட்டுவிட்டு வந்த காலத்து ஆள். இப்போது மூச்சுக்குப் பதில் மணி அடிக்கிறார்கள், முப்பது விநாடிக்கு. போகட்டும். உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள், நிறுத்திவிடுகிறேன். இல்லையா? சரி.

எங்கள் அணியில் ஷெரின் என்று ஒரு பெண். பிசியோ. மார்த்தாண்டம் பக்கம். பையன்களுக்குத் தோள் இறங்கினால், கணுக்கால் பிசகினால் பார்க்கிற வேலை. 'டாக்டரக்கா' என்று கூப்பிடுவார்கள். நான் வாம்மா போம்மாதான். என் பெண் வயது. அதிர்ந்து பேசாது. தங்கமான வேலை.

நடந்ததைச் சொல்கிறேன். லீக் ஆட்டங்கள் முடியப்போகிற சமயம். நாங்கள் தங்கியிருந்த ஓட்டலில் சிகிச்சைக்கென்று ஓர் அறை. ஒரு மத்தியானம், எங்கள் அணியில் பாடிப் போகிற ரெய்டர் பூவரசன், முதுகு பிடித்துக்கொண்டது என்று அங்கே போனான். போனவன் கதவைத் தாழ் போட்டுவிட்டான். அதற்கு மேல் நான் விவரித்தால் நன்றாக இருக்காது. அந்தப் பெண் ஐஸ் பெட்டியைத் தூக்கி அவன் மேலே கொட்டிவிட்டு, தாழைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. நான் லிஃப்டிலிருந்து இறங்குகிறேன், வராந்தா முழுக்க ஐஸ், செருப்புக்கு அடியில் நறநறவென்கிறது. சட்டைக் கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பட்டன் இல்லை.

"சார், நான் லீக்ல புகார் குடுக்கப்போறேன்."

அழவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். பின்னாலேயே அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். "சும்மா விளையாட்டுக்கு சார். டாக்டரக்கா டென்சன் ஆயிட்டாங்க" என்றான். விட்டேன் ஓர் அறை. நிஜமாகவே விட்டேன், சார். கன்னத்தில் இல்லை, முதுகில். கன்னத்தில் விட்டால் மறுநாள் கேமராவில் தெரியும்.

புகார் போயிற்று. லீக்கின் தலைமை நிர்வாகி ஒரு தம்பி, ஹரீஷ் என்று பெயர். மேலே கோட்டு, கீழே கான்வாஸ் ஷூ. மறுநாளே விமானத்தில் வந்து இறங்கிவிட்டான். அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, "உங்க தைரியத்தை லீக் ரொம்ப மதிக்குது" என்றான். "இந்த மாதிரி விஷயத்துல எங்களுக்குச் சகிப்புத்தன்மையே கிடையாது" என்றான். நான்கு தடவை சொன்னான். அது வெளியே போனதும் கதவைச் சாத்திக்கொண்டு தயாளனிடம் கேட்டான், "ஃபைனல் வரைக்கும் தள்ள முடியுமா சார்? விளம்பரமெல்லாம் இவன் மூஞ்சியை வச்சுதான் போயிருக்கு."

விசாரிக்க ஒரு குழு வேண்டுமாம். குழுவுக்கு வெளியாள் ஒரு பெண்மணி வேண்டுமாம். அந்த அம்மாள் மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போயிருந்தார். இன்னொருவர் பேரனுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போய்விட்டார். ஒரு வீரன் கோட்டுக்கு வெளியே விரல் நுனி வைத்தால் ஐந்து கேமராவில் ஓட்டிப் பார்த்து அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்கிற லீக், சார். இதற்கு மட்டும் மொட்டை போட்ட பேரன் திரும்பி வர வேண்டும்.

அந்தப் பெண் அசையவில்லை. "அவன் டீம்ல இருக்கிற வரைக்கும் நான் ஆடுற மேட் பக்கம் வர மாட்டேன். நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போயிடுவேன்" என்றது. தயாளனுக்கு வியர்த்துவிட்டது. ஹரீஷ் நகத்தைக் கடித்தான். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு வழி தோன்றவில்லை.

நான்தான் சொன்னேன். என் யோசனைதான். ஹாம்ஸ்ட்ரிங்.

பின்தொடைத் தசை, சார். ரெய்டர்களுக்கு அடிக்கடி பிடித்துக்கொள்ளும். வெளியே வீக்கம் தெரியாது, ரத்தம் தெரியாது, எத்தனை நாளில் ஆறும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். பூவரசனுக்குப் பின்தொடையில் காயம் என்று அறிவித்துவிட்டால் அவன் தானாக வெளியே உட்கார்ந்துவிடுவான். ஏன் என்று ஒருவன் கேட்க மாட்டான். அந்தப் பெண்ணின் பெயர் சந்திக்கு வராது. காயப் பட்டியலில் போட்டால் மாற்று ஆள் ஒருவனையும் எடுத்துக்கொள்ளலாம். ஹரீஷ் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எழுபது லட்சம் சம்பளம் வாங்குகிறவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். காயம் என்று சொல்ல வேண்டியது பிசியோ.

நானே போய்ப் பேசினேன். வேறு யார் போனாலும் அது கேட்டிருக்காது.

"அவனுக்குக் காயமே இல்லையே சார்" என்றது.

"இல்லைதாம்மா. உனக்கு என்ன வேணும்? அவன் வெளியே இருக்கணும். இருப்பான். உன் பேர் வராது. விசாரணை அது பாட்டுக்கு நடக்கும். நான் இருக்கேன்ல?"

"செமிஃபைனலுக்கு முன்னாடி விசாரணை வச்சிடுவாங்களா?"

"வச்சிடுவாங்கம்மா."

அதை நான் நம்பித்தான் சொன்னேனா? இதை எனக்குள் பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். வாய் முந்திக்கொண்டது, நம்பிக்கை பின்னாலேயே வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் அப்படித்தானே. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டது.

அதற்கப்புறம் நடந்த கூத்தை எங்கே போய்ச் சொல்வது! டீவியில் ஒரு நிபுணர் தொடையின் படத்தை வரைந்து, எந்த நார் எங்கே அறுந்திருக்கும் என்று குச்சியால் காட்டினார். ரசிகர்கள் அவன் தொடைக்காகச் சமயபுரத்தில் மண்சோறு சாப்பிட்டார்கள். நிஜமாக, சார், என்னிடம் போட்டோ இருக்கிறது. இவன் பெஞ்சில் தொடையில் கட்டோடு உட்கார்ந்து கையசைக்கிறான். முதல் ஆட்டத்தில் கட்டு வலது தொடையில். அடுத்த ஆட்டத்தில் பார்க்கிறேன், இடது தொடையில்! ஓடிப்போய்த் துண்டைப் போட்டு மூடினேன். நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒருத்தருக்கும் கண் தெரியவில்லை. இதுதான் நம் ரசிகர்கள்.

செமிஃபைனல் வந்தது, விசாரணை வரவில்லை. இவன் இல்லாமலேயே எப்படியோ ஜெயித்துவிட்டோம். அந்தப் பெண் என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம், "எப்ப சார்?" என்று கேட்கும். "பேசிட்டிருக்கேம்மா" என்பேன். பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஹரீஷ் போனை எடுத்தால்தானே?

ஃபைனலுக்குத் தயாளன் சொல்லிவிட்டார், பூவரசன் ஆடியே ஆக வேண்டும். காயம் ஆறிவிட்டது என்று அறிவித்துவிடு. அங்கேதான் இடித்தது. காயப் பட்டியலில் போட்ட வீரன் திரும்பி வர வேண்டுமானால், அவனைப் பட்டியலில் போட்ட அதே பிசியோ, ஆடுகள மேட் மேலேயே, ஆட்ட மேற்பார்வையாளரும் எதிரணி மேலாளரும் பார்க்க, சோதித்துச் சொல்ல வேண்டும். மற்ற அணிகள் பொய்க்காயம் காட்டி ஆள் மாற்றுகிறார்கள் என்று சண்டை போட்டு, இந்த விதியைக் கொண்டுவரச் சொன்னதே நான்தான். போன வருடக் கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசினேன். அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை, சார். யாருக்குத்தான் வந்தது?

மறுபடியும் நான்தான் போனேன். "ரெண்டு நிமிஷம்தாம்மா. தொடையை லேசா அமுக்கிப் பார்த்துட்டு, சரியாயிடுச்சுன்னு சொல்லிடு. ஃபைனல் முடிஞ்ச மறுநாளே விசாரணை. என் பொறுப்பு."

"நான் அவனைத் தொடணுமா சார்?"

"கையுறை போட்டுக்கம்மா."

கையுறையை எடுத்துக்கொண்டது. நல்ல பெண், புரிந்துகொண்டது என்று நினைத்தேன்.

அரங்கத்தில் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. மேட் நடுவில் பூவரசன் குப்புறப் படுத்திருக்கிறான், பல்லைக் காட்டிக்கொண்டு. ஏதோ முணுமுணுத்தான். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மடக்கச் சொன்னது, நீட்டச் சொன்னது, ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னது. அவன் குரங்கு மாதிரி குதித்துக் காட்டினான். அது எழுந்து கையுறையைக் கழற்றிவிட்டு மேற்பார்வையாளரிடம் நிதானமாகச் சொன்னது:

"காயம் ஆறலை சார். இன்னைக்கு இவர் ஆடக் கூடாது."

பூவரசன் துள்ளி எழுந்தான். "யோவ், எனக்கு அடியே படலைய்யா! சும்மா உட்கார வச்சாங்க!"

எதிரணி மேலாளர் துரைக்கண்ணு என்று ஒரு நரி. காதில் விழுந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா தம்பி? அடியே படலையா? அப்ப உனக்குப் பதிலா எடுத்த ஆளு? செமிஃபைனல்ல அவன் எடுத்த பாயிண்ட்? மேற்பார்வையாளர் சார், இதைக் கொஞ்சம் குறிச்சுக்கங்க."

தயாளனுக்கு அப்போதுதான் விதி விளங்கியது. காயம் இல்லையென்றால் நாங்கள் ஏமாற்றி ஆள் மாற்றியவர்கள், ஃபைனலிலேயே இடமில்லை. ஓடி வந்து பூவரசனின் வாயைக் கையால் பொத்தினார். "காயம் இருக்கு சார், இருக்கு! நல்ல காயம்! பையன் விளையாடுற ஆசையில உளர்றான்." பிறகு அவன் தோளில் கைபோட்டு, நொண்ட வைத்து, வெளியே நடத்திக்கொண்டு போனார். அவனும் நொண்டினான். நான் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் சிரிக்காமல் நின்றது பெரிய விஷயம், சார்.

ஃபைனலில் தோற்றோம். ஒரே புள்ளி.

தோற்றதற்குப் பலி யார் என்று நினைக்கிறீர்கள்? நான். உடை மாற்றும் அறையில் பையன்கள் முன்னாலேயே, "உன் ஹாம்ஸ்ட்ரிங்கை எடுத்துக்கிட்டு ஊர் போய்ச் சேரு" என்றார் தயாளன். அணி பஸ்ஸில்கூட ஏற விடவில்லை. மேலாளர் சட்டையோடு டவுன் பஸ் பிடித்துப் போனேன். கண்டக்டர் செல்ஃபி கேட்டான்.

விசாரணை நடந்தது. மொட்டை போட்ட பேரன் திரும்பி வந்துவிட்டான் போலிருக்கிறது. தீர்ப்பு என்ன தெரியுமா? சம்பவம் 'வருந்தத்தக்கது'. இரு தரப்பும் இனிக் கவனமாக நடந்துகொள்ள வேண்டும். பூவரசன் ஏற்கெனவே சில ஆட்டங்களில் ஆடாமல் இருந்திருக்கிறான், அதையே தண்டனையாக எடுத்துக்கொள்ளலாம். எப்படி! அன்றைக்குக் காயம், இன்றைக்குத் தண்டனை. ஒரே தொடை.

ஆனால் கணக்கு உதைக்கிறது அல்லவா? அது தண்டனை என்றால் காயம் பொய். காயம் பொய் என்றால் பொய் சொன்னது யார்? லீக்கா? லீக் சொல்லுமா. அணியா? அணிக்கு அடுத்த சீசன் விளம்பரம் இருக்கிறது. அப்போது மிச்சம் யார்? நாளைக்கு விசாரணை அதற்குத்தான், சார். இல்லாத காயத்தை இருப்பதாகச் சொல்லி அணியை ஏமாற்றினார் என்று அந்தப் பெண் மேல் குற்றச்சாட்டு. நிரூபணமானால் இனி எந்த அணியிலும், எந்த விளையாட்டிலும் வேலை கிடைக்காது. படித்த படிப்புக்கே ஆபத்து.

கேட்கும்போதே காறித் துப்பலாம் போல இல்லை? நான் துப்பினேன். பச்சையாகச் சொல்கிறேன், இவ்வளவு கேவலமான கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

போன வாரம் தயாளன் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். கோபம் இருந்தது, ஆனாலும் கூப்பிட்ட மரியாதைக்குப் போனேன். காபி கொடுத்தார். "குரு, நீ பழைய ஆளு. உன் வார்த்தைக்கு மதிப்பு இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். டாக்டர் சொன்னாங்க, நாங்க நம்பினோம். உனக்கு என்ன, தசை தெரியுமா, நரம்பு தெரியுமா?" என்றார். பிறகு போகிற போக்கில், "அடுத்த சீசனுக்குச் சட்டை புதுசு தைக்கிறோம், அளவு குடுத்துட்டுப் போ" என்றார். வாசலில் தையற்காரன் நின்றான். அளவு கொடுத்தேன். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று திரும்பி வந்தால் நன்றாகவா இருக்கும்? அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

யோசித்துப் பார்த்தேன், சார். ஒரு வாரமாகத் தூக்கமில்லை. டாக்டர் சொன்னாங்க, நாங்க நம்பினோம். இதில் எந்த வார்த்தை பொய்? காயம் என்று சொன்னது அந்தப் பெண்தான், கையெழுத்து அதனுடையதுதான். ஃபைனலன்றைக்கு மறுபடியும் காயம் என்றபோது ஊரே நம்பியது, நானும் அங்கேதான் நின்றேன். யோசனை யாருடையது என்று கேட்டால் சொல்வேன். நிச்சயம் சொல்வேன். கேட்க வேண்டுமே! அவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள், கேள்விகளை முன்கூட்டியே எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் மனைவி கேட்டாள், "நீங்க அந்தப் பொண்ணு பக்கமா, கம்பெனி பக்கமா?" நான் கபடி பக்கம் என்றேன். கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெண்களுக்கு விளையாட்டு புரியாது. இப்படிப்பட்ட சாக்கடைக்குள் சுத்தமான ஆள் ஒருவனாவது இருக்க வேண்டாமா? நானும் வெளியே போய்விட்டால் அடுத்த ஷெரினுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

நீங்கள் ஏன் பேப்பரை மடிக்கிறீர்கள்? இன்னும் தூரம் இருக்கிறது. விழுப்புரமே இப்போதுதான் தாண்டினோம்.

ஒரு நிமிடம், போன் அடிக்கிறது. அந்தப் பெண்தான்.

ஹலோ... சொல்லும்மா... பஸ்லதாம்மா, வந்துக்கிட்டே இருக்கேன்... நீ சாப்பிட்டியா?... அப்பாவும் வந்திருக்காரா, நல்லது நல்லது... இல்லம்மா, வக்கீலெல்லாம் எதுக்கு, நான் இருக்கேன்ல?... ஆமா... ஆமாம்மா, அதெல்லாம் நீ கேட்கவே வேணாம்... சரிம்மா. தைரியமா இரு. வைக்கிறேன்.

வைத்துவிட்டது. அதற்கு வேறு சாட்சி கிடையாது, என் ஒருவனைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறது.

என்ன கேட்டது தெரியுமா, சார்? 'நடந்ததை நடந்தபடி சொல்லிடுவீங்கள்ல சார்?' என்று கேட்கிறது. என்னிடம்! ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. எல்லோரும் கைவிட்டபோது அதன் பெயர் வெளியே வராமல் காப்பாற்றியவன் நான். அவனை முதுகில் அறைந்தவன் நான். வேலையை இழந்தவன் நான். இன்றைக்கும் யார் கட்டாயப்படுத்தினார்கள், இந்த வெயிலில் இடுப்பு ஒடிய உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறேன். என்னையே சந்தேகப்படுகிறது பாருங்கள். மனசே விட்டுப்போகிறது, சார். இந்தக் காலத்தில் யாருக்கு என்ன செய்தாலும் இப்படித்தான்.